பதினாயிரவர் தலைவனின் விண்ணப்பம்

அவைக்குத் தலைமை தாங்கும் ஜோதிலட்சுமி அம்மா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மூத்தோர்களே, மடியில் மழலையோடு மண்ணில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, இந்தக் கைநாட்டுக் கிழவனின் கனிந்த வணக்கம்.

கல்பாக்கத்து உலை முதன்முதல் உயிர்பெற்ற ஆண்டு. கிரிக்கெட்டில் நம்மவர் உலகக் கோப்பையை முதன்முதல் ஏந்திய ஆண்டு. அந்த ஆண்டுதான் நம் திருப்போரூரில் பாரசீகப் படை வந்திறங்கியது. சிரிக்காதீர்கள், நாடகப் படைதான். நாலு தளபதி, ஒரே ஒரு சிப்பாய்.

பத்துப் பேருக்குத் தலைவன் ததபதி, நம் ஏசுதாஸ். நூறு பேருக்குச் சதபதி, துரை. ஆயிரம் பேருக்கு ஹசாரபதி, வரதன். பதினாயிரம் பேருக்குப் பைவரபதி, கோதண்டராமன் அண்ணன். அத்தோடு பட்டம் தீர்ந்தது. சிப்பாய் நான்.

மன்னர் வேஷத்துக்கு ஆளில்லை. ஆகவே மன்னர் எப்போதும் திரைக்குப் பின்னால். நாடகம் எழுதிய கல்பாக்கத்துச் சகுந்தலா அம்மாதான் அவர் குரல். "இன்னாபா, ராஜாவுக்குத் தொண்ட கட்டிகினு கீதா?" என்று கூட்டம் கேலி பேசும். அந்த அம்மா அசரமாட்டார். "சிப்பாயே, முன்னே வா" என்பார். பாய்ந்து போவேன்.

ஆனாலும் ஆசை விட்டதா? "எனக்கும் ஒரு பட்டம் குடும்மா" என்று கேட்டேன்.

"பாரசீகத்துல அமரர் படைன்னு ஒண்ணு இருந்துச்சு. ஒருத்தர் விழுந்தா, அந்த இடத்துக்கு உடனே அடுத்தவர். நமக்கும் அதுதான் சட்டம். காத்திருங்க" என்றார்.

காத்திருந்தேன். ஏன் காத்திருந்தேன்?

ஏசுதாஸ் போனான், ததபதி ஆனேன். துரை போனான்; சதபதி ஆனேன். வரதன் போனான், ஹசாரபதி ஆனேன். ஒவ்வொரு அடக்கத்துக்கும் மறுநாள் அந்த அம்மா மன்னர் குரலில் கட்டளையிடுவார். போன பங்குனியில் கோதண்டராமன் அண்ணனும் போனார்.

யாரப்பா அங்கே கைதட்டுவது? தட்டாதே, ராசா.

பதினாயிரவர் தலைவன் பேசுகிறேன். திரும்பிப் பார்த்தால் படை எங்கே? வசனம் மறந்தால் முதுகில் கிள்ளும் வரதன் எங்கே? மீசையை ஒட்டிக்கொண்டே நாஸ்தா தின்னும் துரை எங்கே? "டேய் சிப்பாய், ஈட்டியத் தலகீழாப் புடிச்சிகினு கீற" என்று அதட்டும் அண்ணன் எங்கே?

கேட்டு வாங்கிய பட்டத்தை இந்த மேடையில் திருப்பித் தருகிறேன். எனக்கு அந்தக் கடைசி இடம் போதும். அதைத் தரும் அதிகாரம் மன்னருக்கே உண்டு. மன்னர் இருக்கிறார், இரண்டாம் வரிசையில், கறுப்புக் கண்ணாடியோடு. கண்தான் போயிற்று, குரல் போகவில்லை.

வந்தவர்க்கெல்லாம் நன்றி, வணக்கம். நான் இறங்குமுன், ஒரே ஒரு முறை, "சிப்பாயே, முன்னே வா" என்று கூப்பிடுங்கள், சகுந்தலா அம்மா.