கோப்பின் சொந்தக்காரி

எனக்குப் பெயர்கள் சட்டென்று மறந்துபோகும், எண்கள் மறப்பதில்லை. கணினியும் அப்படித்தான் ஐயா. ஒரு கோப்பு யாருடையது என்று கேட்டால் அதற்குத் தெரிந்தது ஓர் எண் மட்டுமே. பெயரைப் பட்டியலில் பார்த்துத்தான் சொல்லும்.

எங்கள் மருத்துவமனையில் நரம்பு வழியே மருந்து ஏற்றும் பம்புகளுக்கு அளவு சொல்லும் நிரல் ஒரு கண்டெய்னருக்குள் ஓடுகிறது. கணினிக்குள் தடுப்புப் போட்டுப் பிரித்த தனியறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைக்கு வெளியே இருக்கும் எந்த எண், உள்ளே எந்த எண்ணாகத் தெரிய வேண்டும் என்று எழுதிவைப்பது என் வேலை. நான் பத்து. வாயாடி பதினொன்று.

வாயாடி என்று நான் கூப்பிடும் அவள் எனக்குப் பக்கத்து நாற்காலி. "அக்கா, நீங்க சிரிச்சா சர்வர் நின்னுடும்னு யாராவது சொன்னாங்களா?" என்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அளவுப் பட்டியலில் ஒரு புள்ளியை இடம் மாற்றிப் போட்டுவிட்டேன். அரை மில்லி ஐந்து மில்லி ஆனது. மதியம் மூன்றாம் வார்டில் ஒரு பெரியவர் இறந்தார். கோப்பைத் திறந்து பார்த்தேன். சொந்தக்காரர் இடத்தில் என் பெயர்.

இரண்டே வரிகளை மாற்றி எழுதினேன். வெளியே பத்து, உள்ளே பதினொன்று. வெளியே பதினொன்று, உள்ளே பத்து. விசாரிப்பவர்கள் உள்ளேதான் பார்ப்பார்கள். என் கோப்பு அவள் பெயருக்குப் போனது, அவள் ஒழுங்காக எழுதிய கோப்புகளெல்லாம் என் பெயருக்கு வந்தன. மேலாளர்கூடப் பாராட்டினார்.

அளவை அப்போதே திருத்தியிருக்கலாம். திருத்தினால் கோப்பின் நேரம் மாறும். யாருக்கோ முன்பே தெரியும் என்றாகிவிடும். விட்டுவிட்டேன். புதன்கிழமை பதினொரு மணிக்கு, பிரசவமாகி இரண்டு நாளான ஒரு பெண்ணும் இறந்துபோனாள். பிறகுதான் அளவு தப்பு என்று ஒரு நர்ஸ் கண்டுபிடித்தார்.

கோப்பில் இருந்த பெயரைப் பார்த்து வாயாடியைப் பிடித்துப்போனார்கள். காவலில் அவளைப் போய்ப் பார்த்தேன்.

"நான்தான் தப்பா அடிச்சிட்டேனாக்கா? யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், ஞாபகமே வரல."

"உன் பேருதானேம்மா இருக்கு. ஒத்துக்கோ, மனசு லேசாகும்."

தலையைத் தடவிக்கொடுத்தேன். மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

இப்போது நீங்கள் அந்த இரண்டு வரிகளைக் கண்டுபிடித்துவிட்டீர்கள். மறுக்கவில்லை. பெரியவர் செத்தது என் கைப்பிழையால். பழியை அவள் பக்கம் தள்ளியதும் நான்தான். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆனால் அந்தத் தாயின் சாவை என்மேல் போடாதீர்கள் ஐயா. புதன்கிழமை நான் அந்தக் கோப்பைத் தொடவே இல்லை.