எழுத்துக்கு மட்டும் பூட்டு

எண்ணூர் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில், மடியில் புது ரேடியோ வைத்திருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"இந்த சின்ன ஸ்க்ரீன்ல பாட்டு பேரு எழுத்துல ஓடும்னுதான் வாங்கனேன்க்கா. ஒரு வாரம் ஓடிச்சி. இப்ப ஸ்டேஷன்காரன் பூட்டிட்டானாம். சாவி நம்பர் வாங்கிப் போட்டாதான் எழுத்து வருமாம்."

"பாட்டு கேக்குதுல்ல?"

"கேக்குது. கடக்காரனும் அதான் சொல்றான். எழுத்து இஷ்டம் இருந்தா போட்டுக்க, இல்லாங்காட்டி வுட்டுடுன்றான்."

"அப்பறம் இன்னாடி பேஜாரு?"

"எங்கூட்டுக்காரருக்குக் கப்பல்ல துரு தட்டித் தட்டி ரெண்டு காதும் போச்சிக்கா. பேரப் பாத்தாருன்னா, தெரிஞ்ச பாட்ட அவரே பாடுவாரு. இப்ப பொட்டி மேல கைய வெச்சிகினு என் வாயப் பாக்கறாரு. கேக்கறவனுக்குத் தொறந்து வுட்டு, கேக்காதவனுக்குப் பூட்டுவானா?"

பக்கத்தில் இருந்தவள் எழுந்து நின்றாள்.

"எந்தக் கடடி? எறங்கு, நானும் வரேன்."