எல்லை தாண்டிய காப்பு

விரோதி வருஷம் வைகாசி மாதம் 16-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை (29-5-1949), பகல் பதினொரு மணி. ஸ்டேஷனில் விசாரித்தபோது செங்கணாப்பட்டி கருத்தம்மாள் சொல்ல, ஏட்டு எழுதிக்கொண்டது.

எனது பெயர் கருத்தம்மாள். வயது முப்பத்தாறு. காலஞ்சென்ற தவில் பால்ச்சாமியின் மனைவி. எம்.ரெட்டியபட்டிக்குக் கிழக்கே செங்கணாப்பட்டியில் அம்மன் கோயில் மேற்குத் தெருவில் குடியிருக்கிறேன். எங்கள் குடும்பம் மேற்படி கோயிலுக்குப் பாட்டன் காலத்திலிருந்து மேளம் வாசிக்கிற குடும்பம். கோயிலில் நாயனம் வாசிக்கும் அருஞ்சுனை என் உடன்பிறந்த தம்பி. வயது இருபத்திரண்டு. அவனுக்கு இரண்டு வயதாகும்போது எங்கள் தாயார் இறந்துவிட்டபடியால் அவனை வளர்த்தது நான்.

மேற்படி அருஞ்சுனை, கோயிலுக்குச் சொந்தமான நாயனத்தைத் திருடிக்கொண்டு, கையில் கட்டிய காப்பை அறுத்துவிட்டு ஊரை விட்டுப் போய்விட்டதாக எங்கள் ஊர்த் தலைமைக்காரர் அம்பலம் உக்கிரபாண்டி அவர்கள் நேற்றுப் புகார் கொடுத்திருப்பதாகவும், புகார் நிஜமானால் பம்பாய்த் துறைமுகத்துக்குத் தந்தி அடித்து அவனைக் கப்பலிலிருந்து இறக்கிக் கொண்டுவர வேண்டியிருக்கும் என்றும் சப்-இன்ஸ்பெக்டர் ஐயா எனக்குச் சொன்னார். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். காப்பை அறுத்தது என் தம்பி அல்ல. நான்.

போன மாசி மாதம் சென்னையிலுள்ள ஒரு சங்கீத சபையிலிருந்து என் தம்பிக்குக் கடிதம் வந்தது. அருப்புக்கோட்டையில் நெசவாளர் தெருவில் சாமி புறப்பாட்டுக்கு அவன் வாசித்ததைக் கேட்ட ஒருவர் சொல்லி அது வந்ததாம். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்ட வாத்தியக்காரர்கள் பன்னிரண்டு பேரைச் சேர்த்து லண்டன், பாரிஸ் முதலான ஊர்களுக்கு மூன்று மாதம் கச்சேரிக்குக் கூட்டிப்போவதாகவும், நாயனத்துக்கு இவன் ஒருவன்தான் என்றும் அதில் எழுதியிருந்ததாக அவன் எனக்கு வாசித்துக் காட்டினான். அதன் பிறகு பாஸ்போர்ட்டுக்காக இதே ஏட்டையா ஊருக்கு வந்து விசாரித்தார். பையன் யோக்கியமானவன் என்று அப்போது எழுதிக் கையெழுத்துப் போட்டவர் இதே அம்பலம். மூன்று மாதத்தில் யோக்கியன் எப்படித் திருடனானான் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

அதன் பிறகு சபையிலிருந்து என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்தது. அதில் கம்பளிக் கோட்டு ஒன்று என்று இருந்தது. அங்கே இப்போது வெயில் காலம் என்றும் அதே கடிதத்தில் இருந்தது. வெயில் காலத்துக்குக் கம்பளிக் கோட்டு கேட்கிற ஊர் என்ன ஊரோ எனக்குத் தெரியாது. அருப்புக்கோட்டையில் டெய்லர் சௌடையாவிடம் தைக்கக் கொடுத்தோம். அவர் அதற்கு முன் கம்பளியில் கத்தரி வைத்ததில்லை. அளவு பார்க்கப் போட்டுவிட்டபோது, "தம்பி, இதைப் போட்டுக்கிட்டு நம்மூரு வெயில்ல நின்னா வெந்துருவ. கப்பல் ஏறின பொறவு போட்டுக்க" என்று சொன்னார். தம்பி கழற்ற மாட்டேன் என்று கடைக்கு வெளியே வந்து நின்றான். வேர்த்து வடிய வடியச் சிரித்தான். நானும் சிரித்தேன். ஆனால் கப்பல் என்று அவர் சொன்னதை நினைத்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டேன்.

காரணம் கேட்டதற்குச் சொல்கிறேன். என் புருஷன் 1941-ஆம் வருஷம் தை மாதம் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி, பினாங்கில் ஒரு கோயில் திருவிழாவுக்குத் தவில் வாசிக்கப் போனார். "ரெண்டு மாசத்துல வாரேன், முறுக்கு சுட்டு வையி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு அங்கே சண்டை வந்தது. 1946-இல் ஒரு கடிதம் வந்தது. அதை வாசித்தவர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். அன்றைக்குத் தாலியைக் கழற்றினேன். அதற்குப் பிறகு நான் முறுக்கு சுடுவதில்லை.

ஆகையால் தம்பி போகக்கூடாது என்று நான் முடிவு செய்தேன். போகாதே என்று வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பான், அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அதனால் ஒரு வேலை செய்தேன். அருஞ்சுனைக்கு ஆறு வயதில் அம்மை போட்டுக் கண் திறக்காமல் கிடந்தபோது, பிழைத்தால் ஒரு வருஷம் அக்கினிச்சட்டி எடுக்க வைக்கிறேன் என்று அம்மனுக்கு நேர்ந்திருந்தேன். நேர்ந்தது நிஜம். பதினாறு வருஷம் அதை நிறைவேற்றாமல் வைத்திருந்ததும் நிஜம். சட்டி எடுக்கிறவருக்குச் செவ்வாய்க்கிழமை மஞ்சள் காப்புக் கட்டுவார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை சட்டி இறக்கிக் காப்பு அவிழ்க்கும் வரைக்கும் அவர் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. தம்பி பயணம் கிளம்ப வேண்டியது நடுவில் வரும் வெள்ளிக்கிழமை. இதெல்லாம் தெரிந்துதான் நான் அம்பலத்திடம் போய், நேர்த்திக்கடனை இந்த வருஷமே முடிக்க வேண்டும் என்று கேட்டேன். அவருக்கும் தன் கோயில் நாயனம் வெளியே போவது பிடிக்கவில்லை. கேட்ட மாத்திரத்தில் சம்மதித்தார்.

தான் இல்லாத நாட்களுக்கு வாசிக்க நரிக்குடி இருளப்பசாமியை என் தம்பி முன்கூட்டியே பேசி வைத்திருந்தான். அவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவதாக ஏற்பாடு. ஆனால் 24-ந் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் பூசாரி எல்லோருக்கும் கட்டிவிட்டுக் கடைசியாக, "அருஞ்சுனை, கையை நீட்டு" என்றார். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் குனிந்துகொண்டேன். அவன் கையை நீட்டினான். வீட்டுக்கு வந்த பிறகு, "நேந்தது நேந்ததுதானக்கா, விடு" என்று மட்டும் சொன்னான்.

அதன் பிறகு புதன், வியாழன் இரண்டு நாளும் கோயிலில் அவன்தான் வாசித்தான். சுருதி பிசகவில்லை, தாளம் பிசகவில்லை. ஊரார் நன்றாக இருந்தது என்றார்கள். எனக்குக் கேட்க முடியவில்லை. கோபத்தில் தப்பும் தவறுமாக வாசித்திருந்தால் நான் நிம்மதியாகச் சோறு தின்றிருப்பேன்.

27-ந் தேதி வெள்ளிக்கிழமை காலை நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தபோது, தம்பி அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கஞ்சிப் பானைக்கு அடியில் எதையோ ஒடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தான். கிட்டே போய்ப் பார்த்தேன். சீவாளி. நாயனத்தின் வாயில் செருகி ஊதுகிற நாணல் துண்டு அது. அந்த ஊர்களில் கிடைக்காது என்று தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வரவழைத்து, ஒவ்வொன்றாக வாயில் வைத்து ஊறவைத்து ஊதிப் பழக்கி, இரண்டு மாதமாக ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைத்திருந்தான். நான் குடத்தைப் போட்டுவிட்டு அடுப்புக்குள் கையை விட்டேன். வலது கையில் இரண்டு விரல் வெந்த காயம் அதனால் ஏற்பட்டது. அம்பலம் சொல்வது போல் யாரும் என்னை அடிக்கவில்லை.

"ஏலே, கிறுக்குப் பிடிச்சிருச்சா ஒனக்கு?" என்று கத்தினேன். அவன் நிதானமாக, "இங்கன வாசிக்க ஒரு சீவாளி போதும்க்கா" என்றான்.

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு பேச்சுப் பேசி அத்தோடு போயிருக்கும். எரியாமல் மிஞ்சினது ஆறு சீவாளி. அதைத் துடைத்து டப்பாவில் போட்டு அவன் மடியில் வைத்து, "நேத்திக்கடனுக்காக இல்லலே, நீ போகக்கூடாதுன்னுதான் காப்புக் கட்ட வச்சேன். ஒங்க மச்சான் போன மாதிரி நீயும் போயிருவியோன்னு பயந்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். "தெரியும்க்கா" என்றான். செவ்வாய்க்கிழமையே தெரியுமாம். தெரிந்துதான் கையை நீட்டியிருக்கிறான், பாவி. என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். காலைப் பூசை முடிந்திருந்தபடியால் அங்கே ஆள் இல்லை. பூசாரிக்கு இதில் சம்பந்தம் இல்லை. தேங்காய் நறுக்குகிற அருவாமனையை எடுத்து, அம்மனுக்கு நேராக நின்று, "ஆத்தா, நேந்தது என் வாயி. இவன் அன்னைக்குக் கண்ணுந் தெறக்காமக் கெடந்த பய, ஒனக்கு ஒண்ணும் சொல்லலை. கடன் என்னுது, நான் எடுக்கேன் சட்டி. கோவம் இருந்தா என்னைக் கேளு" என்று சத்தமாகச் சொன்னேன். சொல்லிவிட்டு அவன் கைக் காப்பை அறுத்து, முடிச்சுப் போட்டு என் இடது கையில் கட்டிக்கொண்டேன். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒனக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா நான் என்னக்கா செய்வேன்?" என்று அழுதான். "ஆனா ஆகட்டும். எட்டு வருஷத்துக்கு முன்னாடியே எல்லாம் ஆயிருச்சு. நீ கெளம்புலே" என்றேன்.

புருஷன் இல்லாதவள் காப்புக் கட்டக்கூடாது என்பது எனக்குத் தெரியாதா என்று ஐயா கேட்டார். தெரியும். அம்மனுக்கும் தெரியும். அதற்காக எனக்கு என்ன தண்டனை என்றாலும் கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். தம்பியைச் சேர்க்காதீர்கள்.

நாயனம் பற்றிச் சொல்கிறேன். அம்பலத்தின் தகப்பனார் கோயிலுக்குக் கொடுத்த நாயனம் வெள்ளிப் பூண் போட்டது. அதில் வாசித்தால்தான் வெளியூரில் எடுபடும் என்று நான் சொன்னதற்கு, "அது அம்மனோடதுக்கா, எனக்கு எதுக்கு?" என்று சொல்லி, எங்கள் தகப்பனார் வாசித்த பழைய நாயனத்தை உறையில் போட்டு எடுத்துக்கொண்டான். கோயில் நாயனத்தைப் பெட்டியில் வைத்துச் சாவியைப் பூசாரி வீட்டில் கொடுத்தேன். அன்று சாயங்காலம் நரிக்குடி இருளப்பசாமி வந்து வாசித்தது அந்த வெள்ளிப் பூண் நாயனத்தில்தான். முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டு, வாசித்து முடிந்ததும் தன் கையால் அவருக்கு வெற்றிலை பாக்குக் கொடுத்தவர் அம்பலம். வெள்ளிக்கிழமை மத்தியானம் திருட்டுப் போன நாயனம் சாயங்காலம் கோயிலில் எப்படி ஒலித்தது? ஊரே கேட்டது. ஊரையே கூப்பிட்டு விசாரியுங்கள்.

என் தம்பி மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலில் கரிசல்காட்டு வழியாக அருப்புக்கோட்டைக்கு நடந்து போனான். சாயங்கால பஸ்ஸில் பாலவனத்தம் வழியாக விருதுநகர் போய் ரயில் ஏறுவதாகச் சொன்னான். போகும்போது கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு போகச் சொன்னது நான்தான். கையில் காப்பு இல்லாதது தெரியாமல் கோட்டின் நீளக் கை மறைத்துவிடும்; பார்க்கிறவர்களும் கோட்டைப் பார்ப்பார்களே தவிரக் கையைப் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்தேன். அப்படியே ஆயிற்று. காட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முருகேஸ்வரி, "யாரோ சர்வே ஆபீசரு போனாரு, நான் கும்பிடக்கூடச் செஞ்சேன்" என்று அம்பலத்தின் ஆட்களிடம் சொல்லியிருக்கிறாள். அவள் மேல் தப்பு இல்லை. அந்த வெயிலில் கோட்டுப் போடுகிறவன் எங்கள் ஊர்க்காரனாக இருப்பான் என்று யார்தான் நினைப்பார்கள்?

அதன் பிறகு அம்பலம் ஆளனுப்பி அருஞ்சுனை எங்கே என்று கேட்டார். இருளப்பசாமியைக் கூட்டிவர நரிக்குடிக்குப் போயிருக்கிறான் என்றேன். இது பொய். இந்த வாக்குமூலத்தில் நான் ஒப்புக்கொள்கிற பொய் இது ஒன்றுதான். இரண்டு பேர் சைக்கிளில் நரிக்குடிக்குப் போனார்கள். அவர்கள் ரோட்டு வழியாகப் போக, இருளப்பசாமி வண்டிப்பாதை வழியாகத் தானாகவே வந்து சேர்ந்துவிட்டார். மறுநாள் சனிக்கிழமை நான் கோயில் வாசல் தெளிக்கும்போது அம்பலம் என் கையில் காப்பைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார். அவிழ்க்கச் சொன்னார். மாட்டேன் என்றேன். அதன் பிறகுதான் புகார் கொடுத்திருக்கிறார்.

இன்று காலை போலீஸார் என்னை அழைத்துப்போக வந்தபோது அம்பலமும் வண்டியில் ஏறிக்கொண்டார். எல்லைக்கல் வந்ததும், "ஐயா, கையில காப்பு இருக்கு, தாண்டக்கூடாது" என்று நான் சொன்னேன். கான்ஸ்டபிள் வண்டியை நிறுத்தச் சொன்னார். "சட்டத்துக்கு என்ன எல்லை? ஓட்டுடா" என்று சொன்னவர் அம்பலம். காப்புக் கட்டியவன் எல்லை தாண்டியது குற்றம் என்று புகார் எழுதிக் கொடுத்த அதே அம்பலம். இதை எழுத வேண்டாமே என்று ஏட்டையா சொன்னார். இதை எழுதாவிட்டால் நான் ரேகை வைக்க மாட்டேன் என்றேன். எழுதப்பட்டது.

தம்பி இந்நேரம் பம்பாய் ரயிலில் இருப்பான். கப்பல் செவ்வாய்க்கிழமை பகலில் கிளம்புகிறது. அதே செவ்வாய்க்கிழமை பகலில் நான் சட்டி எடுக்க வேண்டும், ஆகையால் அதற்குள் என்னை ஊருக்கு அனுப்பிவிடக் கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு எங்கே கூப்பிட்டாலும் வருகிறேன். தந்தி அடித்துத்தான் ஆக வேண்டும் என்றால் அடியுங்கள் ஐயா. காப்பை அறுத்தவள் பெயரும் ஊரும் மேலே இருக்கிறது.

மேலே எழுதியதை எனக்கு நிறுத்தி நிறுத்தி வாசித்துக் காட்டினார்கள். ஒரு இடத்தில் என் தம்பி 'ஓடிப்போனான்' என்று எழுதியிருந்தது. போயிட்டு வாரேன் என்று என் காலைத் தொட்டுச் சொல்லிக்கொண்டுதான் அவன் கிளம்பினான், அதனால் மாற்றச் சொன்னேன். 'போயிருக்கிறான், வருவான்' என்று மாற்றப்பட்டது. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே, நிஜமாக, சரியாக இருக்கிறது.

கருத்தம்மாள், இடது கைப் பெருவிரல் ரேகை.