வழுவழுப்பான விரிப்பு

பிரவீணன், மானிப்பாயில் நான் விரிப்பு வாங்கிய கடைக்காரர் நல்ல மனிதர். அவரிடம் போய்ச் சண்டை பிடிக்காதே. அவர் கேட்கவேண்டியதைக் கேட்டார், சொல்லவேண்டியதைச் சொன்னார்.

நேற்று வந்திறங்கியதிலிருந்து நீ வீட்டின் திறந்த மேல்தட்டில் குந்தியிருந்து அந்த வைனில் என்கிற பிளாஸ்டிக் விரிப்பை நகத்தால் கீறிக் கீறிப் பார்த்ததைக் கண்டேன். ரொறன்ரோவில் பதினைந்து வருடமாக வீட்டுப் பல்கனிகளுக்கு இதைத்தானே ஒட்டுகிறாய். உன் கண்ணில் மண் தூவ முடியாது. “மாமி, உதை ஆர் தெரிஞ்செடுத்தது?” என்று கேட்டாய். நான்தான். இரு, தேத்தண்ணியைக் குடி. ஆறுதலாகச் சொல்கிறேன்.

உன் அம்மா காலமானபோது உனக்கு மூன்று வயது. உன்னைப் பார்க்கத்தான் உன் அப்பா, என் அண்ணை, என்னை இந்த வீட்டுக்குக் கூட்டிவந்தார். அப்போது எனக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்திருந்தது. “பிள்ளை கொஞ்சம் வளரட்டும்” என்று அண்ணை தள்ளிவைத்தார். மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கவில்லை. அதில் எனக்குக் கோபம் இல்லை. நீ வளர்ந்தாய், கனடா போனாய். நானும் அண்ணையும் மிஞ்சினோம். நன்றாகத்தான் இருந்தோம்.

போன ஐப்பசியில் அவருக்கு விசா வந்தது. மத்தியானம் சாப்பிடும்போது சொன்னார்.

“ஞானம், தை முடிய நான் கனடாவுக்குத் தம்பி பிரவீணனட்டைப் போறன். உனக்கு ஒரு முதியோர் இல்லத்திலை கேட்டு வைச்சிருக்கிறன். நல்ல இடமாம். கட்டிலுக்கு மேலை ஃபானும் இருக்காம்.”

“வீடு?”

“பூட்டி வைச்சா கறையான் திண்டுபோடும். வாடகைக்குக் குடுப்பம். உனக்கென்ன, இனி அடுப்பூதத் தேவையில்லை. மகாராணி மாதிரி இருக்கலாம்.”

“இன்னும் கொஞ்சம் குழம்பு விடட்டோ, அண்ணை?” என்று கேட்டேன். விடச் சொன்னார். அன்றைக்கு முருங்கைக்காய்.

வாடகைக்கு விடுவதென்றால் முதலில் ஒழுக்கை நிறுத்தவேண்டும். அண்ணையின் அறைக்கு மேலே இருக்கிற தட்டில் மழை நின்று, கட்டிலில் சொட்டியது. நீதான் போனில் வழி சொன்னாய். “வைனில் ஒட்டுங்கோ மாமி, ஒரு சொட்டும் இறங்காது. ஆனா வெளியிலை போடுறதுக்குச் சொரசொரப்பானதாப் பாத்து எடுங்கோ. வழுவழுப்பானது வீட்டுக்குள்ளை போடுறது.” எனக்கு நன்றாகக் கேட்டது. லைன் தெளிவாகத்தான் இருந்தது.

கடைக்காரர் இரண்டு துண்டுகளை மேசையில் வைத்தார்.

“ஆரும் நடந்து திரிவினமோ, அம்மா?”

“இல்லை. பூச்சாடி வைக்கத்தான்.”

“அப்ப எதெண்டாலும் சரி. பூச்சாடி சறுக்கி விழாது” என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு, அவர் குடிக்கிற போத்தலில் இருந்து இரண்டிலும் கொஞ்சம் தண்ணீர் விடச் சொல்லி, துண்டுகளை நிலத்தில் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிக்காலை வைத்துப் பார்த்தேன். சொரசொரப்பானதில் கால் நின்றது. மற்றதில் கால் எனக்கு முன்னால் போய்விட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். மற்றதைத்தான் வெட்டித்தரச் சொன்னேன். பலகை மாதிரிக் கோடு போட்டது. பார்வைக்கு வடிவு.

ஒட்ட வந்த முத்துக்குமாருவும் கேட்டார்: “அக்கா, இது உள்ளுக்குப் போடுறதெல்லோ?”

“அண்ணைக்கு மினுக்கம்தான் விருப்பம்” என்றேன். அவர் ஒட்டிவிட்டுப் போனார். அந்த மாரி முழுக்க ஒரு சொட்டும் இறங்கவில்லை. நீ சொன்னது சரி.

அண்ணை சூரியனைக் கும்பிடுவது உனக்குத் தெரியும். விடிய எழும்பிக் கிணற்றடியில் முழுகுவார். துவட்டமாட்டார். இடுப்பில் ஈரச் சாறத்தோடு, வெறுங்காலோடு வெளிப்படியால் மேல்தட்டுக்கு ஏறுவார். கண்ணை மூடி, கைகளைத் தலைக்கு மேலே கூப்பி, நின்ற இடத்தில் தன்னைத்தானே மூன்று தரம் சுற்றுவார். எழுபத்தொரு வயதிலும், மழை நாள் தவிர, ஒரு நாளும் தவறவில்லை. தட்டைச் சுற்றி முழங்கால் உயரக் கட்டுத்தான் இருக்கிறது, அதற்கு நேர் கீழே கிணற்றடி. வீடு கட்டின நாளிலிருந்து அப்படித்தான்.

மழை விட்டு முதல் வெயில் எறித்த அன்று ஏறிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

“ஞானம், உது பாம்பு மாதிரி வழுக்குது. ஒரு சாக்கை எடுத்து விரி. கனடா போகமுதல் என்னைக் கைலாசம் அனுப்பிப்போடாதை.”

விரித்தேன். சொன்னதைச் செய்யாமல் இருந்தவள் இல்லை நான். அவர் அந்தச் சாக்கில் நின்று சுற்றினார். ஒவ்வொரு நாளும் நான் கீழே குசினியில் நின்று, அவர் குதிக்கால் தேய்கிற சத்தத்தைக் கேட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. பிறகு இறங்கி வந்து கோப்பி கேட்பார். அப்படிப் பத்துப் பதினைந்து நாள் போனது. பயணத்துக்கு இன்னும் ஒரு கிழமைதான். பெட்டி கட்டியாயிற்று. என்னுடைய பெட்டியையும் அவரே கட்டிவைத்தார்.

அன்றைக்கு விடிய சாக்கைத் தோய்த்து வேலியில் போட்டேன். ஊத்தையாகத்தான் இருந்தது. விரிப்பும் ஊத்தை. சவர்க்காரத் தூள் போட்டு உரஞ்சினேன். கழுவத் தண்ணீர் கொண்டுபோக நேரம் கிடைக்கவில்லை. அண்ணை முழுகி முடித்துவிட்டார். படியில் எனக்கு எதிரே வந்தார். “விடியக்காலமை மேலை என்ன வேலை?” என்று கேட்டார். “பூச்சாடிக்குத் தண்ணி விட்டனான்” என்று சொல்லி வழி விட்டேன். ஏறும்போதே கண்ணைப் பாதி மூடியிருந்தார். சாமி நினைப்பு வந்தால் அவருக்கு வேறொன்றும் தெரியாது.

குசினியில் நின்றேன். ஒன்று. இரண்டு.

நான் தள்ளவில்லை, பிரவீணன். அந்த நேரம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஆனால் நீ கேட்டது அது இல்லை. ஆர் தெரிஞ்செடுத்தது என்று கேட்டாய். விரிப்பைத் தெரிந்தெடுத்தது நான், சாக்கை எடுத்தது நான், தூள் போட்டது நான். அவர் விழவேண்டும் என்றுதான் செய்தேன். கால் முறியும், இல்லாவிட்டால் இடுப்பு முறியும், பயணம் நிற்கும் என்று நினைத்தேன். கிணற்றடிச் சீமெந்தில் தலை அடிபடும் என்று நினைக்கவில்லை. அவ்வளவுதான் நான் விட்ட பிழை.

பொலிசுக்குச் சொல்வதென்றால் சொல்லு. வாறவர்களை உள்ளுக்குள் விட்டு அண்ணையை ஒரு தரம் பார்க்கச் சொல்லு. படுக்கைப்புண் ஒன்றும் இல்லை. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிப் படுக்கவைக்கிறேன். பேசவோ மெல்லவோ நாக்கு எழும்பாததால் கஞ்சியைக் கரண்டியால் பருக்குகிறேன். நான் கரண்டியோடு கிட்டப் போனாலே அவருக்குக் கண்ணீர் ஓடும், முகத்தை மற்றப் பக்கம் திருப்பப் பார்ப்பார். கூச்சம். தான் அழுவதை நான் பார்த்துவிடக்கூடாது என்கிற கூச்சம். எனக்காக அண்ணை அழுது நான் இதற்கு முன் கண்டதில்லை.

நீ அவரைக் கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறாய் என்று தெரியும். ஆனால் அவரையும் ஒருக்கால் யோசி. விழுந்த நாளிலிருந்து அவர் கனடாவைப் பற்றி ஒரு சொல்கூடக் கதைக்கவில்லை.