எக்ஸ்ரே அறையின் ஒரே ஹார்ட் டிஸ்க்

ஆய்வாளர் ஐயா, நேரில் சொல்லாமல் எழுதித் தருவதற்கு மன்னிக்கவும். என் பெயரும் முகவரியும் மேல்தாளில் உள்ளன. வயது இருபத்து நான்கு. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மருத்துவமனை எக்ஸ்ரே பிரிவில் மூன்று ஆண்டுகளாகக் கணினியில் பதிவு செய்யும் வேலை பார்க்கிறேன். நோயாளிகளின் படங்களை நான் அழித்துவிட்டதாக மேலாளர் உங்கள் காவல் நிலையத்தில் கொடுத்த புகார் பொய்.

பதினோரு ஆண்டுப் படங்களும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. நகல் எங்கே என்றால், அதே டிஸ்க்கில் ‘நகல்’ என்ற பெயரில் இன்னொரு ஃபோல்டர். ஆண்டுதோறும் தணிக்கைக்கு முந்தைய நாள், திறந்துகூடப் பார்க்காமல் ‘சரிபார்த்தது’ என்று டிஸ்க்கின் மேல் புதுச் சீட்டு ஒட்டுவார்கள். முதல் ஆண்டு, சொன்னதைக் கேட்டு நானும் ஒட்டினேன். அதன் பிறகு புது டிஸ்க் கேட்டு இருமுறை எழுதிக் கொடுத்தேன். இரண்டு கடிதங்களும் மேலாளரின் தேநீர்க் குவளைக்கு அடியில் கிடந்தன.

நேற்று முன்தினம் திங்கள்கிழமை காலை, கல் உடைக்கும் தொழிலாளி ஒருவரின் மனைவி வந்தார். கணவரின் நுரையீரலில் ஒரு புள்ளி தெரிகிறது, பழைய படத்திலும் அதே அளவில் இருந்தால் அறுவை வேண்டாம் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். நான் டிஸ்க்கை இணைத்ததும் உள்ளே டக் டக்கென்று சத்தம் கேட்டது. உடனே கழற்றிவிட்டேன். அதன் பிறகு மேலாளர் வந்து, “பழைய சாமான்னா அப்படித்தாம்மா. ரெண்டு தட்டு தட்டினா வழிக்கு வரும்” என்று உள்ளங்கையால் அடித்து மறுபடி இணைத்தார்.

“வேணாம் சார், உள்ள உரசுது. படமெல்லாம் அழிஞ்சிடும்.”

“படிச்ச பொண்ணு சொல்லிடுச்சு, எல்லாரும் கேட்டுக்கங்கப்பா!”

சக ஊழியர்கள் சிரித்தார்கள். மேலாளர் ஆறு முறை இணைத்தார். ஏழாவது முறை சத்தம்கூட வரவில்லை.

“அவரு படம் அதுக்குள்ளதானே இருக்கு கண்ணு?” என்று அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். அன்று மாலையே என் மேல் புகார். நான் அழித்திருந்தால் டிஸ்க் ஏன் உரச வேண்டும்? பொய்ச் சீட்டு ஒட்டியதற்கு என்னைத் தண்டியுங்கள். செய்யாததற்கு வேண்டாம்.

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எதையும் கூட்டவுமில்லை, மறைக்கவுமில்லை என்று கையொப்பமிடுகிறேன்.

கேட்கத் தயங்கியது ஒன்று உண்டு. நீங்கள் கைப்பற்றி நிலைய அலமாரியில் வைத்திருக்கும் அந்த டிஸ்க்கை, ஓடுகிறதா பார்ப்போம் என்று இங்கே யாரும் இணைக்க வேண்டாம். பிரித்துப் படங்களை மீட்கத் தெரிந்த ஆய்வகத்துக்கு இன்றே அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை அவருக்கு அறுவை.