உறை ஊற்றிய பாத்திரம்

நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். என் குரல் சன்னம். இந்த லேபில் காற்றாடி வேறு விடாமல் இரையும். ஓர் இதயம் துடித்த கதை சொல்கிறேன். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும் அது. பயப்பட ஒன்றுமில்லை, ரத்தமே வராத கதை.

கோடை விடுமுறைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் எங்களிடம் ஆராய்ச்சி பழக வருவார்கள். ஆளுக்கொரு முனைவர் பட்ட மாணவரிடம் பிடித்துக் கொடுப்பார்கள். என்னிடம் வருகிறவர்கள் என்னை அக்கா என்பார்கள். எனக்கு அது பிடிக்கும். வீட்டில் நான் கடைக்குட்டி.

இதயத் தசைச் செல்களைத் தட்டில் பரப்பி, ஒரே ஜவ்வாக வளர்த்து, ஒன்றாகத் துடிக்க வைக்க வேண்டும். மாரடைப்பில் செத்துப்போன தசைமேல் ஒட்டுப் போட என்றாவது உதவும் என்ற நம்பிக்கை. ஆறு வருஷமாகக் கல்லில் நார் உரித்துக்கொண்டிருந்தேன். இங்கொரு திட்டு துடிக்கும், அங்கொரு திட்டு துடிக்கும்; பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் மாதிரி ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாது. எங்கள் பேராசிரியரைப் பெரியவர் என்போம். தினமும் கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டி, "என்னம்மா, துடிச்சுதா?" என்பார். பதிலுக்குக் காத்திருக்கவே மாட்டார். அம்மா போனில், "நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள என் நெஞ்சு நின்னுடும்போல. அப்பவாவது உன் ஒட்டு எனக்கு ஆகுமா?" என்பாள். சிரித்து வைப்பேன். சிரிப்பதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது.

அந்தக் கோடையில் வந்தவளை நண்டு என்று கூப்பிட்டோம். மேசைகளுக்கு நடுவே உள்ள சந்தில், தட்டை ஏந்திக்கொண்டு பக்கவாட்டில்தான் நடப்பாள். மறு ஆண்டுக்குப் பெரியவரிடம் ஓர் ஆராய்ச்சி இடம் இருந்தது. கோடை முடிவில் தன் ஆராய்ச்சியைப் போஸ்டராக ஒட்டி, சொல்லும்படியாக எதையாவது காட்டுகிறவருக்கு அது.

"இது கிடைக்கலன்னா மாமாவோட மருந்துக்கடையில உட்கார வச்சிடுவாங்கக்கா," என்பாள். "அங்க அவர் தும்மினாக்கூட நான்தான் மாத்திரை எடுத்துத் தரணும்."

செல்களை ஊற்றியதும் தட்டை உடனே இன்குபேட்டரின் கதகதப்புக்குள் வைத்துவிட வேண்டும். நான் அப்படித்தான் செய்வேன், அப்படித்தான் சொல்லித்தருவேன். நண்டு தட்டை மேசையிலேயே விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்ன வேடிக்கை? உள்ள வை."

"கொஞ்சம் அமரட்டும்க்கா. உறை ஊத்தின பாத்திரத்தத் தூக்கிட்டு வீடு பூரா சுத்தினா தயிர் எங்க உறையும்?"

வாய் நீளம் என்று நினைத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து, மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அக்கா, இங்க வாங்களேன்," என்றாள். குனிந்து பார்த்தேன். ஜவ்வு முழுவதும் ஒரே மூச்சாகச் சுருங்கி விரிந்தது. ஒரு மூலைகூடப் பின்தங்கவில்லை.

"பெரியவரக் கூப்பிடட்டுமாக்கா?"

"ஒரு தடவ வந்தா அது அதிர்ஷ்டம். மூணு தடவ வரட்டும், அப்புறம் சொல்லுவோம். இல்லன்னா உன்னத்தான் சிரிப்பாங்க."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. எந்த ஆராய்ச்சிக்காரரைக் கேட்டாலும் இதையே சொல்வார். என்னைப் பொறாமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு இருந்தது களைப்பு. வரிசையில் ஆறு வருஷம் நின்றவளைத் தள்ளிவிட்டு, முந்தாநாள் வந்தவளுக்குக் கதவு திறப்பது எந்த ஊர் நியாயம்?

அடுத்த முறை அவள் தட்டை அமரவிட்டு, உள்ளே வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாள். நான் இன்குபேட்டரைத் திறந்தேன். செல்கள் தட்டில் ஒட்டிக்கொள்ளச் சில மணி நேரம் பிடிக்கும். அதுவரை அவை கண் சொருகாத குழந்தைகள். தட்டின் இரண்டு ஓரங்களையும் பிடித்து, தொட்டிலை ஆட்டுவதுபோல் மெல்ல ஆட்டினேன். ஒரு துளி சிந்தவில்லை. இருந்த இடத்திலேயே வைத்துக் கதவைச் சாத்தினேன். விஷம் கலக்கவில்லை, எதையும் உடைக்கவில்லை. செல்கள் நடுவில் குவிந்துகொண்டன, ஓரமெல்லாம் வழுக்கை. ஆட்டினால் உறையாது என்று அவள்தானே சொல்லித்தந்தாள்.

அதற்கடுத்த தட்டையும் ஆட்டினேன். அதற்கடுத்ததையும்.

செல்கள் வளரும் திரவத்தை மாற்றிப் பார்த்தாள், புதுத் தட்டுப் பெட்டி பிரித்துப் பார்த்தாள். கடைசியில், "நான் என்னக்கா தப்புப் பண்றேன்?" என்றாள். தேநீர் வாங்கித் தந்தேன்.

"கைராசின்னு ஒண்ணு இருக்கு கண்ணு. அது படிச்சு வர்றதில்ல. சிலர் கைக்கு வராது. அதுக்கு யார் என்ன பண்ண முடியும்?"

தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீர் ஆறிப்போயிற்று.

அதன் பிறகு அவள் விரல்கள் நடுங்கத் தொடங்கின. செல்களை உறிஞ்சி ஊற்றும் பைபெட்டின் நுனி தட்டின் விளிம்பில் டிக் டிக்கென்று இடிக்கும். மேசையிலிருந்து இன்குபேட்டருக்குப் போவதற்குள் தட்டு தளும்பிவிடும். அப்புறம் நான் ஆட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

போஸ்டர் நாளில் அந்த வழுக்கைத் தட்டின் படத்துக்குப் பக்கத்தில் நின்றாள். "பரவாயில்லம்மா, முயற்சி பண்ணியே," என்று பெரியவர் அடுத்தவரிடம் நகர்ந்தார். கிளம்பும்போது அவள் என்னைக் கட்டிக்கொண்டாள். "நீங்க ஒருத்தர்தான்க்கா என்னத் திட்டல."

அவள் போன வாரம், என் தட்டை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். துடித்தது. மறுமுறையும், மூன்றாம் முறையும். பெரியவர் அன்றைக்குத்தான் முழு உடம்போடு அறைக்குள் வந்தார். பட்டம் கிடைத்தது. ஆய்வேட்டின் நன்றியுரையில் நண்டையும் சேர்த்தேன். நன்றி மறப்பது எனக்கு ஆகாது.

போன மாதம் தலைவலி மாத்திரை வாங்க அவள் மாமாவின் கடைக்குப் போனேன். "அக்கா" என்று முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். மாத்திரை அட்டையை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்ததும் மாமா அதைப் பிடுங்கிக்கொண்டார். "இவ கையில குடுத்தா மாத்திரையையும் சேர்த்து வெட்டிருவா." அவளும் சேர்ந்து சிரித்தாள். பார்த்தீர்களா, அந்தக் கைக்கு ராசி இல்லை என்று நான் அப்போதே சொன்னேன்.

இப்போது கோடைப் பிள்ளைகள் எல்லோருக்கும் நான்தான் பொறுப்பு. இந்த வருஷம் ஒருத்தி வந்திருக்கிறாள், நல்ல கெட்டிக்காரி. தட்டை உள்ளே வைத்துவிட்டு இப்போதுதான் சாப்பிடப் போனாள். நான் கொஞ்சம் எழுந்து போய்விட்டு வர வேண்டும். நீங்களும் வீட்டுக்குக் கிளம்புங்கள். உங்கள் வீடு நிறைந்து இருக்கட்டும். பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும். அங்கே தொட்டில் ஓயாமல் ஆடட்டும்.