ஏறிக்கொண்டே போன வெளிச்சம்

எந்த மாதம் என்று கேட்காதீர்கள். மழைக்காலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். மழையை நானே சேர்த்துக்கொண்டேனோ என்னவோ. நேரம் மட்டும் நிச்சயம். இரவு ஒன்பதே கால். கால்வாயை ஒட்டிய சாலை. நடந்தது என் நண்பனின் அக்கா கணவருக்கு.

"நண்பனோட அத்தானா? உன் கதையில எல்லாம் யாரோ ஒருத்தருக்குத்தான்டா நடக்கும்."

சிரியுங்கள். அந்தக் கதவை மட்டும் யாராவது சாத்திவிடுங்கள்.

அத்தான் கார் மெக்கானிக். முகப்பு விளக்கைச் சரியான உயரத்தில் நிறுத்துவதில் கெட்டிக்காரர். பட்டறைச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு. இருபத்தைந்து அடி தள்ளி வண்டி. வெளிச்சத்தின் மேல்விளிம்பு கோட்டைத் தாண்டினால் எதிரே வருகிறவனுக்குக் கண் தெரியாது. பின்சீட்டில் ஆள் ஏறினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கும், மூக்கு தூக்கும், வெளிச்சமும் கூடவே ஏறும். அதனால் எத்தனை பேர் போகிற வண்டி என்று கேட்டுவிட்டுத்தான் திருகாணியைத் தொடுவார்.

ஒரே ஒருமுறை வளைந்துகொடுத்தார். "கொஞ்சம் தூக்கி வைங்கண்ணே, தூரமா தெரியணும்" என்றான் ஒரு வேன்காரன். தூக்கி வைத்தார். அந்த வாரமே கால்வாய் வளைவில், வேனுக்கு எதிரே வந்த கார் தண்ணீருக்குள் போயிற்று. ஓட்டிவந்த அம்மா. பின்னால் மூன்று பிள்ளைகள். ஒருவரும் பிழைக்கவில்லை. கண் கூசியதால் என்று யாருக்கும் தோன்றவில்லை. அத்தானுக்குத் தெரியும். அவர் சொல்லி அக்காவுக்கும் தெரியும்.

ஆறு மாதம் அந்தச் சாலைப் பக்கமே அவர் போகவில்லை. அன்று மற்றப் பாதையை மறித்திருந்தார்கள். தனியாகத்தான் வந்தார். சாயங்காலம்தான் தன் வண்டியின் விளக்கை, தான் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருக்கும் கணக்கில், சரிசெய்திருந்தார்.

வளைவு தாண்டியது.

பின்னால்... க்ரீச். சீட்டின் ஸ்பிரிங்.

சாலையில் படுத்திருந்த வெளிச்சம் ஒரு சாண் எழுந்தது.

க்ரீச்.

மரத்தின் அடி தெரிந்தது. பிறகு நடுமரம். பிறகு கிளைகள். ஊறிப்போன துணியின் வாசனை.



ஒரு பக்கம் கால்வாய். மறுபக்கம் முடிவில்லாத மதில். வண்டியைத் திருப்ப இடமில்லை. ஸ்டியரிங் பக்கத்தில் வெளிச்சத்தை இறக்குகிற சிறிய சக்கரம் இருக்கும். அதைக் கடைசிவரை திருகினார். இறங்கியது. மறுபடி க்ரீச்... ஏறியது. பின்னால் பார்க்கும் கண்ணாடியைக் கூரைப் பக்கம் திருப்பிவிட்டார். இறங்கி ஓடியிருக்கலாம். ஆனால் கதவைத் திறந்தால் உள்ளே விளக்கு எரியும்.

எதிரே ஒரு லாரி. நின்று, ஓட்டுநர் தலையை நீட்டினார்.

"லைட்ட எறக்குங்கண்ணே, கண்ணே தெரியல."

"எறக்கிட்டேன்... எறங்க மாட்டேங்குது."

லாரிக்காரர் காரின் பின்பக்கத்தைப் பார்த்தார். "பின்னாடி இத்தனை பேர அடைச்சா எப்படி எறங்கும்? புள்ளைங்க வேற. பாத்து மெதுவா போங்க."

லாரி போய்விட்டது. சத்தம் தேய்ந்து அடங்கும்வரை அத்தான் கியரை மாற்றவில்லை. "நான்தான் தூக்கி வச்சேன்" என்று கண்ணாடியைப் பார்க்காமலே சொன்னாராம். வாசனை கழுத்துக்குப் பக்கத்தில் வந்தது.

எப்படியோ வீடு வந்து சேர்ந்தார். அக்கா வெளியே வந்து கையால் கண்ணை மறைத்துக்கொண்டாள். "அணைச்சிட்டு எறங்குங்க, அக்கம்பக்கத்துல தூங்குறாங்க."

விளக்கை அணைத்தார். இறங்கவில்லை. கதவையும் திறக்கவிடவில்லை. விடிந்து, வெயில் வந்த பிறகு அக்காதான் கதவைத் திறந்தாள். பின்சீட் காய்ந்துதான் கிடந்தது.

வேன்காரன் நன்றாக இருக்கிறான். இன்னொரு வேனும் வாங்கிவிட்டான். லாரிக்காரர் யாரென்று தெரியவில்லை. அத்தான் விற்ற காரை வாங்கியவர் தினமும் ஓட்டுகிறார், ஒரு குறையும் சொல்லவில்லை. பட்டறையை மூடியாயிற்று. அத்தான் எங்கேயும் நடந்துதான் போகிறார். இரவில் கட்டிலின் ஓரத்தில், சுவரோடு ஒட்டிப் படுக்கிறார். அக்கா தரையில் பாய் விரித்துக்கொள்கிறாள். கட்டிலில் இடமில்லையாம்.